குவாதலூப் தீவுக்கு விடுமுறை போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிஸில் இருக்கும் நம் குடும்பங்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள், லண்டனிலிருந்து கேட்கும் நண்பர்கள் என்று பலரும் கரீபியத் தீவு ஒன்றுக்குப் போக நினைக்கும்போது குவாதலூப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். போய் வந்தவர்களில் பலர் தீவின் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இதைப் படிப்பவர்கள் மறு பாதியையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

குவாதலூப் எங்க இருக்கு? அது தனி நாடா?

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் வரிசையாக இருக்கும் தீவுகளில் ஒன்று. வடக்கே ஆன்டிகுவா, தெற்கே டொமினிக்கா. தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ நோட்டு, பிரெஞ்சுச் சட்டம், பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட் எல்லாம் அங்கே உண்டு. பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு. வீட்டிலும் தெருவிலும் கிரியோல். ஆங்கிலத்தை நம்பிப் போக வேண்டாம்.

வரைபடத்தில் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல இருக்கும். மேற்கு இறக்கை பாஸ்-தேர்: எரிமலை, அடர்ந்த மழைக்காடு, அருவிகள். கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கரும்பு வயல், வெள்ளை மணல் கடற்கரைகள். நடுவில் ரிவியேர் சாலே என்னும் ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய், பாலத்தில் கடந்துவிடலாம். இவை தவிர மரி-கலாந்த், லே செந்த், லா தெசிராத் என்ற சிறு தீவுகளும் குவாதலூப்பைச் சேர்ந்தவையே. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி பதில்கள் தானாகப் புரிந்துவிடும்.

என்னட்ட ஷெங்கன் விசா இருக்கு. அது காணாதா?

காணாது. ஏமாற்றத்தில் முடிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். குவாதலூப் பிரான்சுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் உட்பட்டது. ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரணக் குறுகிய கால ஷெங்கன் விசா ஐரோப்பியப் பகுதிக்கு மட்டுமே செல்லும். கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்குத் தனி விசா இருக்கிறது. பிரான்சின் அதிகாரபூர்வ விசா இணையதளத்தில் போகுமிடமாகக் குவாதலூப்பைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கடவுச்சீட்டுக்கு எது தேவை என்று அதுவே காட்டும். யாரோ சொன்னதை நம்பி டிக்கெட் போடாமல் அதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சென்னையிலிருந்து அம்மா அப்பாவும் வர்றாங்க. அவங்களுக்கு அந்தத் தனி விசா மட்டும் எடுத்தா போதுமா?

போதாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வழக்கமான பாதை பாரிஸ் வழிதான். இந்திய விமானம் இறங்குவது ஷார்ல் த கோல். குவாதலூப் விமானங்களில் பெரும்பாலானவை கிளம்புவது ஓர்லி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும். வெளியே வந்தால் ஷெங்கனுக்குள் நுழைந்ததாகக் கணக்கு. ஆகவே ஷெங்கன் விசாவும் வேண்டும், கடல்கடந்த மாவட்ட விசாவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குவாதலூப்புக்குப் போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறார்கள். திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறார்கள். ஒரே ஒரு நுழைவுக்கான ஷெங்கன் விசா என்றால் திரும்பும்போது சிக்கல். விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தை முழுமையாக எழுதி, பல நுழைவுக்குக் கேளுங்கள். இரண்டு விசாவுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம்.

பாரிஸ்ல கார்த் த செஷூர் வச்சிருக்கிறன். எனக்கும் விசா வேணுமா?

செல்லுபடியாகும் பிரெஞ்சு வதிவிட அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். அட்டை, கடவுச்சீட்டு அல்லது அகதிகளுக்கான பயணப் பத்திரம் இரண்டையும் கையில் வைத்திருங்கள். உள்நாட்டு விமானம்தானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

அட்டை புதுப்பிப்பில் இருந்து, கையில் ரெசெப்பிசே என்னும் தற்காலிக ஒப்புகைச் சீட்டு மட்டும் இருக்கிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் பிரெஃபெக்சர் எனப்படும் மாவட்ட அரசு அலுவலகத்திடமும் விமான நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஐரோப்பிய நாட்டு வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு சொன்ன இணையதளத்தில் தங்கள் நிலைமையைப் போட்டுப் பாருங்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

தீவில் இரண்டு பருவம். டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை ஏறத்தாழ வறண்ட பருவம். ஜூலையிலிருந்து நவம்பர் வரை மழைப்பருவம். வெப்பம் ஆண்டு முழுக்க 30 டிகிரியைச் சுற்றியே இருக்கும். கடல்நீரும் எப்போதும் இதமாகவே இருக்கும்.

கிறிஸ்துமஸ், பிப்ரவரி பள்ளி விடுமுறை, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டிக்கெட் விலை ஏறிவிடும். பிள்ளைகளின் பள்ளி தடையில்லை என்றால் மே மாதத்தையோ, நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரையோ தேர்ந்தெடுங்கள். விலையும் குறையும், கூட்டமும் குறையும். கார்னவல் பார்க்க ஆசை என்றால் கணக்கு வேறு: ஜனவரி தொடக்கத்திலேயே ஞாயிறுதோறும் ஊர்வலங்கள் ஆரம்பித்துவிடும், சாம்பல் புதனன்று வாவால் என்னும் கார்னவல் ராஜாவின் பொம்மையை எரிப்பதோடு முடியும். மேளம், சவுக்கு, உடம்பெங்கும் கரும்புப்பாகு பூசிய குழுக்கள் என்று தெருவே அதிரும். பிப்ரவரிக்கு அதிகப் பணம் கொடுப்பது இதற்காக என்றால் தகும்.

எங்களுக்கு ஆகஸ்ட்லதான் லீவு. புயல் வந்தா என்ன பண்றது?

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை உச்சம். 1989 செப்டம்பரில் ஹியூகோ தீவையே புரட்டிப்போட்டது. 2022 செப்டம்பரில் ஃபியோனா பாஸ்-தேரில் பெரும் வெள்ளத்தை உண்டாக்கியது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புயல் நேராகத் தாக்குவதில்லை. ஆகஸ்டில் போகிறவர்களில் பெரும்பாலோர் வெயிலும் இடையிடையே மழையுமாக நல்லபடி இருந்துவிட்டு வருகிறார்கள்.

ரத்து செய்யக்கூடிய தங்குமிடம், புயலை விலக்காத பயணக் காப்பீடு இரண்டும் அவசியம். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று ஏறும். ஊதா என்றால் வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டும். புயல் கடந்த பிறகு சாம்பல் நிறம் வரும், அப்போதும் உடனே வெளியே ஓடக் கூடாது. வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள், அவர்களுக்கு இது பழக்கம்.

எத்தனை நாள் வேணும், எங்க தங்கறது?

பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல். கடிகாரம் குளிர்காலத்தில் பாரிஸைவிட 5 மணி நேரமும், கோடையில் 6 மணி நேரமும் பின்னால் இருக்கும். இவ்வளவு தூரம் போகும்போது ஒரு வாரத்துக்குக் குறையக் கூடாது. பத்து நாள் கிடைத்தால் நல்லது.

தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். என் மொத்தப் பரிந்துரையே இதுதான். எல்லாரும் கொசியே, சேந்த்-ஆன் பக்கம் ஓர் அறை எடுத்து, அங்கிருந்தே எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கரைக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும், காலையும் மாலையும் புவான்த்-ஆ-பித்ர் நகரைச் சுற்றி நெரிசல் வேறு. மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்தி என்று ஒன்று நீடிப்பதில்லை. அப்புறம் மலைப் பாதையில் இருட்டில் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். ஓரிரு நாளில் அலுத்துப்போய் மேற்குப் பக்கத்தையே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே முதல் பாதி கிராந்த்-தேரில், சேந்த்-ஆன் அல்லது சென்-பிரான்சுவாவில் இருங்கள். அடுத்த பாதி பாஸ்-தேரில், தெயே அல்லது பூயியாந்த் பக்கம். பத்து நாள் இருந்தால் நடுவில் ஓர் இரவு மரி-கலாந்தில். பெரிய ஹோட்டலைவிட ‘ழீத்’ எனப்படும் சமையலறையோடு கூடிய வாடகை வீடு நம் குடும்பங்களுக்குத் தோதாக இருக்கும். எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் நிறுத்தம் அங்கே உள்ளவர்களின் அன்றாடத் தலைவலி.

கார் இல்லாம சமாளிக்கலாமா?

ஒரே ஊரில் தங்கி, கடற்கரை மட்டும் போதும் என்றால் சமாளிக்கலாம். பேருந்து பகலில் ஓடும். மாலைக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் கிட்டத்தட்ட இல்லை. அருவி, எரிமலை, மேற்குக் கரை என்று போவதானால் கார் வேண்டும். விமான நிலையத்திலேயே எடுக்கலாம். விடுமுறைக் காலத்துக்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும். இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வர வேண்டும். கடற்கரையில் நிறுத்தும்போது பையையோ கடவுச்சீட்டையோ காருக்குள் விட வேண்டாம்.

கடற்கரையில பாசி ஒதுங்கி நாறுதுன்னு கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. சர்காசம் என்னும் பழுப்பு நிறக் கடற்பாசி 2011 முதல் அட்லாண்டிக் வழியாகப் பெருமளவில் வந்து ஒதுங்குகிறது. அழுகும்போது அழுகிய முட்டை வாடை; அந்த வாயு ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நல்லதல்ல. குவியலாகக் கிடக்கும் இடத்தில் நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.

இது முக்கியமாக அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்கு, தெற்குக் கரைகளின் தொல்லை. வசந்தத்திலும் கோடையிலும் அதிகம். தெயே, மலாந்தூர் இருக்கும் மேற்குக் கரைக்கு அநேகமாக வருவதில்லை. பிரெஞ்சு வானிலைத் துறை பாசி எங்கே வரும் என்ற முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கடற்கரைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். தங்குவதை இரண்டாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கம் பாசி என்றால் மறு பக்கம் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோட போறோம். எந்தக் கடற்கரை பாதுகாப்பு?

கிராந்த்-தேரின் தெற்குக் கரையில் பவளப்பாறைத் திட்டுகள் அலையை வெளியிலேயே தடுத்துவிடும். சேந்த்-ஆன் ஊர்க் கடற்கரையும், அதன் பக்கத்தில் புவா ஷொலானும் குழந்தைகளுக்கு அருமை. புவா ஷொலானில் நெடுந்தூரம் போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான்.

தெயேவின் கிராந்த் ஆன்ஸ் பொன்னிற மணலோடு தீவின் மிக அழகான கடற்கரைகளில் ஒன்று, ஆனால் அலை சில நாட்களில் காலைப் பிடித்து இழுக்கும். கிழக்கு முனையான புவான்த் தெ ஷாத்தோவும், வடக்கே ஆன்ஸ்-பெர்த்ராண்ட் பக்கத்துப் பாறைக் கரைகளும் பார்க்க மட்டும். அங்கே நீந்தக் கூடாது.

எங்க வீட்ல யாருக்கும் நீச்சல் தெரியாது. அப்புறம் அங்க போய் என்ன செய்றது?

நம்மவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தயங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆழமில்லாத கரைகளில் உட்கார்ந்தபடியே நாள் போய்விடும். மலாந்தூரிலிருந்து அடியில் கண்ணாடி வைத்த படகுகள் பிஜோன் திட்டுகளைச் சுற்றிப் போகின்றன. பவளமும் மீனும் நனையாமலே தெரியும். பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் பெயரால் அறியப்படும் அந்தக் கடற்பகுதி இப்போது தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. தண்ணீருக்குள் போக விரும்புகிறவர்களுக்கு அங்கேயே முக்குளிப்புப் பயிற்சி நிலையங்கள் உண்டு. மிதவை அங்கியோடு கயாக் ஓட்டலாம். பாஸ்-தேருக்கும் கிராந்த்-தேருக்கும் வடக்கே விரிந்திருக்கும் பெரிய காயலில் அலையாத்திக் காடுகளுக்கு ஊடே படகில் போகலாம்.

நிலத்தில் செய்ய அதைவிட அதிகம் உண்டு. தெயேவில் தாவரவியல் பூங்கா, மழைக்காட்டை ஊடறுத்துப் போகும் திராவெர்சே சாலை, அந்தச் சாலையோரம் மரங்களுக்கு மேல் தொங்குபாலம் கட்டிய மாமெல் விலங்குப் பூங்கா. வயதான பெற்றோருக்கு அதே சாலையில் உள்ள எக்ரெவிஸ் அருவி பொருத்தம். வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும்.

பெண்கள் முழு உடையோட கடல்ல இறங்கினா யாராவது ஏதாவது சொல்வாங்களா?

கடலில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெயிலுக்குப் பயந்து முழுக்கை நீச்சல் சட்டை போடுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள், அதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஹோட்டல் நீச்சல்குளத்தில் மட்டும் பருத்தி உடை, டி-ஷர்ட் அனுமதிக்கப்படாமல் இருக்கலாம், முன்பே கேளுங்கள். நீச்சலுடையோடு கடைத்தெருவில் நடப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் மாறிவிடும்.

எரிமலை மேல ஏறலாமாமே? வெடிச்சிடாதா?

சூஃப்ரியேர், 1,467 மீட்டர், சிறு அண்டில்லஸ் தீவுகளிலேயே மிக உயரமான சிகரம். உயிருள்ள எரிமலை. 1976-இல் நீராவியும் சாம்பலுமாகச் சீறியபோது சுற்றுப்புறத்தில் 70,000-க்கும் அதிகமானோரை வெளியேற்றினார்கள். இப்போது ஆய்வு நிலையம் ஒன்று இரவும் பகலும் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து கூடினால் பாதையை மூடிவிடுவார்கள்.

ஏறுவது பேன் ஷோன் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து. போக வர மூன்று நான்கு மணி நேரம். மலையேற்றப் பழக்கம் இல்லாத, நடக்கத் தெம்புள்ள ஒருவர் ஏறிவிடலாம். ஆனால் மேலே காற்றும் மேகமும் மழையும் குளிரும் கலந்து அடிக்கும். கீழே கடற்கரையில் வியர்த்ததை நினைத்துக்கொண்டு மெல்லிய சட்டையோடு போனால் நடுங்க வேண்டியதுதான். மழைக்கோட்டு, பிடிப்புள்ள காலணி, அதிகாலைப் புறப்பாடு மூன்றும் வேண்டும். உச்சியில் கந்தக வாயு வெளிவரும் பகுதிகளை வேலி போட்டு மூடியிருக்கிறார்கள், படத்துக்காகத் தாண்டாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

அருவியிலயும் வெந்நீர் ஊற்றிலயும் குளிக்கலாமா?

கார்பே அருவிகள் மூன்று. முதலாவது 115 மீட்டர், இரண்டாவது 110 மீட்டர். இரண்டாவதற்குத்தான் நல்ல பாதை உண்டு, அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். பாறை விழுவதால் அதன் அடிவாரத்துக்குப் போக விடுவதில்லை. குற்றாலம் போல நினைத்துத் துண்டோடு போனால் ஏமாற்றம்தான். குளிக்க ஆசை என்றால் எக்ரெவிஸ் அருவியின் குட்டை இருக்கிறது.

வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்கக் கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அங்கே பலகையிலும் எழுதியிருப்பார்கள். மழை கொட்டினால் எந்த ஆற்றிலும் இறங்க வேண்டாம், நீர்மட்டம் நொடியில் ஏறும்.

ஆற்றில் பிடித்த மீனையோ இறாலையோ வழியில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். வாழைத் தோட்டங்களில் 1993 வரை பயன்படுத்திய குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி பாஸ்-தேரின் மண்ணிலும் ஆறுகளிலும் இன்னமும் இருக்கிறது. தீவு மக்களுக்கு இது ஆறாத புண். கடையிலும் உணவகத்திலும் வாங்குவது சோதனைக்கு உட்பட்டது.

சின்னத் தீவுகள்ல ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. எது?

ஒரே பகல் என்றால் லே செந்த். த்ருவா-ரிவியேரிலிருந்து படகில் 20 நிமிடம். நெப்போலியன் கோட்டை முற்பகலில் மட்டும் திறந்திருக்கும், எனவே இறங்கியதும் முதலில் அதற்கு ஏறுங்கள். விரிகுடாவின் அழகு மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஓர் இரவு தங்க முடியும் என்றால் மரி-கலாந்த்: கரும்பு வயல்கள், பழைய காற்றாலைகள், கூட்டமே இல்லாத கடற்கரைகள். புவான்த்-ஆ-பித்ரின் பெர்ஜவேன் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரம். பிள்ளைகளுக்கு உடும்பு மாதிரியான இகுவானாவும் குட்டிச் சுறாவும் காட்ட வேண்டும் என்றால் ஆள் குடியில்லாத பெத்தீத்-தேர் காப்பகம், சென்-பிரான்சுவாவிலிருந்து படகு. ஆட்கள் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் முன்பதிவு அவசியம்.

கடல் குலுக்கும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போடுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் சின்னத் தீவில் இருக்காதீர்கள். கடல் சரியில்லை என்றால் படகு நின்றுவிடும்.

நம்ம ஆட்கள் அங்க நிறைய இருக்காங்களாமே. தமிழ் பேசுவாங்களா?

1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றவில்லை. முதல் கப்பலான ஒரேலி 1854 டிசம்பர் கடைசியில் புவான்த்-ஆ-பித்ரில் கூலித் தொழிலாளர்களை இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் அதில் பெரும்பங்கு. பிறகு கல்கத்தா வழியாக வடக்கத்தியரும் போனார்கள். பலர் நோயிலும் உழைப்பிலும் மாண்டார்கள். ஒரு பகுதியினரே திரும்பினார்கள்.

தங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை. கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-இல் அதை எதிர்த்து வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் உரிமை கிடைத்தது. இன்று ராமசாமி, முத்துசாமி என்ற குடும்பப் பெயர்களைக் கடைப் பலகைகளில் பார்ப்பீர்கள். எர்னெஸ்ட் முத்துசாமி சென்-பிரான்சுவாவின் மேயராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்.

பேச்சு மொழியாகத் தமிழ் இல்லை. பூசைப் பாட்டிலும் மந்திரத்திலும் வாய்வழியாக வந்தது மிச்சம் இருக்கிறது. அவர்களைப் பார்த்து ‘தமிழ் தெரியாதா’ என்று கேட்டுவிடாதீர்கள். ஐந்தாறு தலைமுறையாகக் குவாதலூப் மக்களாகவே வாழ்கிறவர்கள். இருந்தும் இத்தனையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். புவான்த்-ஆ-பித்ரில் பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த மெமோரியல் ஆக்ட் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அடிமை முறையின் வரலாற்றைப் பார்த்துவிட்டுக் கரும்பு வயலைக் கடந்தால் அந்த வயல் வேறுமாதிரி தெரியும்.

அங்க நம்ம ஆட்களோட கோயில் ஒண்ணு இருக்காமே. அதுக்குள்ள நாங்க போகலாமா?

கப்பெஸ்தேர் அருகே ஷாஞ்சியில் சாலையோரமாகவே வண்ண வண்ணச் சிலைகளோடு இருக்கிறது. மாரியம்மன், மதுரைவீரன் வழிபாடு. மரியாதையோடு வருகிறவர்களை வரவேற்பார்கள். செருப்பைக் கழற்றுவது, அனுமதி கேட்டுப் படம் எடுப்பது எல்லாம் நம் ஊர் முறைதான். பல சடங்குகளில் ஆடு, சேவல் பலி உண்டு. முடிந்ததும் கறி சமைத்து வாழையிலையில் பரிமாறுவார்கள். சைவக் குடும்பத்தினர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. விழா நாளில் போக விரும்பினால் ஊர்க்காரர்களிடம் விசாரியுங்கள், குடும்பச் சடங்குக்குள் அழைப்பில்லாமல் நுழைய வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

உணவகத்தில் கொஞ்சம் சிரமம், சந்தையில் கொண்டாட்டம். அக்ரா என்னும் பொரித்த வடை போன்றது வழக்கமாக உப்புக் கருவாட்டில் செய்வது. காய்கறி அக்ரா இருக்கிறதா என்று கேளுங்கள். பொக்கி என்னும் பொரித்த ரொட்டிக்குள் முட்டையோ காயோ வைத்துத் தரச் சொல்லலாம். பூதேன் என்னும் தொத்திறைச்சி பன்றி இரத்தத்தில் செய்தது.

புவான்த்-ஆ-பித்ர் சந்தையில் ஈரப்பலா, சௌசௌ, பூசணி, வாழைக்காய், முள்சீத்தாப்பழம், புளி எல்லாம் கிடைக்கும். சமையலறையோடு வீடு எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கொலொம்போ ஆட்டுக்கறியைத் தவறவிடக் கூடாது: மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த மசாலா, அங்கே நம்மவர்கள் கொண்டுபோன கைப்பக்குவம். காரம் குறைவாக இருக்கும். மிளகாய் தனியாக வரும், அது கடுமையான காரம், ஒரு துளியில் ஆரம்பியுங்கள்.

செலவு பாரிஸ் மாதிரியேவா?

சாப்பாட்டுச் செலவு கூட. 2022-இல் பிரான்சின் புள்ளிவிவர நிறுவனம் ஒப்பிட்டபோது உணவுப் பொருள் விலை பெருநிலத்தைவிட 42 சதவீதம் அதிகமாக இருந்தது. அரிசி, பருப்பு, மசாலாவைப் பெட்டியில் கொண்டு போகலாம். காய், பழம், மீனை அங்கே உள்ளூர்க்காரர்களிடம் வாங்குங்கள். கடற்கரை, காட்டுப் பாதைகளில் பெரும்பாலானவை இலவசம். பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கேயும் செல்லும். சென்னையிலிருந்து வரும் பெற்றோருக்குத் தனிக் காப்பீடு எடுங்கள்.

கடற்கரை மரத்துல சிவப்புக் கோடு போட்டிருக்காங்களே, அது எதுக்கு?

மான்சனில்லியே மரம். பால், இலை, சிறு பச்சை ஆப்பிள் போன்ற பழம் எல்லாமே நஞ்சு. மழை பெய்யும்போது அதன் கீழ் ஒதுங்கினால் வழியும் நீர் தோலைப் பொசுக்கிவிடும். எல்லா மரத்திலும் கோடு இருக்காது. எனவே கீழே கிடக்கும் பழம் எதையும் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொசுவும் உண்டு, டெங்கும் உண்டு, மலேரியா இல்லை. கொசு மருந்து பகலிலும் தடவ வேண்டும்.

திரும்பும்போது மாம்பழம், கறிவேப்பிலை கொண்டு வரலாமா?

வாழைப்பழம், அன்னாசி, தேங்காய் தடையில்லை. மாம்பழம், இலை, செடி, விதை முதலியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். மாம்பழத்தை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், கொலொம்போ பொடியும் வெனிலாவும் வாங்கி வாருங்கள்.

பக்கத்துல டொமினிக்காவுக்குக் கப்பல் போகுதாம். ஒரு நாள் போயிட்டு வந்துடலாமா?

போகலாம், ஆனால் அது தனி நாடு. செயின்ட் லூசியாவும் அப்படியே. பெயர் ஒத்துப்போவதால் டொமினிக்கன் குடியரசோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே நுழைய உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று பார்ப்பது ஒன்று. பலரும் மறப்பது இரண்டாவது: குவாதலூப்புக்குத் திரும்பும்போது பிரான்சுக்குள் புதிதாக நுழைகிறீர்கள். முதலில் சொன்ன கடல்கடந்த மாவட்ட விசா ஒரே நுழைவுக்கானது என்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மார்ட்டினிக் மட்டும் வேறு. அதுவும் பிரெஞ்சு மாவட்டம்தான். ஆனால் கப்பல் வழியில் டொமினிக்காவில் நின்று போவதாக இருந்தால், இறங்காமலே இருந்தாலும் கடவுச்சீட்டு கேட்பார்களா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். சந்தேகம் இருந்தால் மார்ட்டினிக்குக்கு விமானத்தில் போவது நிம்மதி. முக்கால் மணி நேரம்தான்.